மாஸ்ரர் அடிக்கக் கூடாது

மூன்று கிழமைக்கு முன் பாரிசில், சாந்தனின் போட்டோ ஸ்ரூடியோவில், ஒரு கன்னத்தில் விழுந்த அந்த ஒற்றை அறை, உள்ளே நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டது. ஆனால் அன்று பின்னேரத்துக்குள் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பல் முழுக்கக் கேட்டுவிட்டது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும், மெற்றோ வாசலில் கச்சான் விற்கிறவனுக்கும் தெரியும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அடித்தவர் சவிரிமுத்து. மன்னாரில் இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவர். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாரை ‘மாஸ்ரர்’ என்பார்கள். பாரிசுக்கு வந்த பிறகும் அவருக்கு அதுதான் பெயர். ‘அடியாத மாடு படியாது’ என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையில் படித்தவர்கள் இன்றைக்கு லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறார்கள். அவரைக் கண்டால் இப்போதும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொள்கிறார்கள்.

வாங்கியவள் கடைசி மகள் சுஜானி. சந்துரு என்ற தமிழ்நாட்டுப் பையனைக் கட்டப்போவதாகவும், மெரியில், அதுதான் நகரசபையில், பதிவுத் திருமணத்துக்கு நாள் கேட்டுக் கொடுத்துவிட்டதாகவும் தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பையனுக்குக் கணினி வேலை, நல்ல சம்பளம், சிகரெட்கூடக் கிடையாது. ஆனால் இவர்கள் கத்தோலிக்கர், அவன் சைவ சமயம், அதோடு இந்தியா. மாஸ்ரரின் கை எழுந்துவிட்டது.

அவள் அழவில்லை. அண்ணன் சாந்தனோடு ஐந்து வருடம் தூக்கித் திரிந்த கமராப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். இப்போது புறநகரான கார்ஜ் லே கொனெஸில் சிநேகிதி இசபெல் வீட்டில் இருக்கிறாள்.

இன்று மாஸ்ரருக்கும் புஸ்பராணிக்கும் நாற்பதாவது கலியாண நாள்.

காலையில் தேவாலயத்தில் பூசை முடிந்தது. மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி மண்டபம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், கீழே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள். ஜன்னலால் வந்த வைகாசி வெயில் மேடை வரைக்கும் விழுந்து கிடந்தது.

புஸ்பராணிக்கு கேக்கும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஒரே ஒரு படம் வேண்டும். நடுவில் தானும் மனுசனும், இரண்டு பக்கமும் மூன்று பிள்ளைகள். நாற்பது வருடத்தில் அப்படி ஒரு படம் வாய்க்கவே இல்லை. மூத்தவன் டெனிஸ்டன் முதலில் வெளிநாடு வந்தான், பிறகு சாந்தன், மற்றவர்கள் கடைசியாக. எல்லாரும் ஒரு நாட்டில் சேர்ந்த பிறகு ஒருவனுக்கு வேலை இருக்கும், ஒருவனுக்குக் காய்ச்சல் இருக்கும். பியர்ஃபித்தில் இருக்கும் வீட்டின் வரவேற்பறையில் அந்தப் படத்துக்காக ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறாள். இப்போதைக்கு அதில் மளிகைக் கடைக் கலண்டர் தொங்குகிறது.

“அவள் வந்தால் நான் அந்த மண்டபத்துப் படி ஏறமாட்டன்” என்று மாஸ்ரர் போன கிழமையே சொல்லிவிட்டார்.

“ரெண்டு பிள்ளையளோடை எடுக்கிற படத்தை நான் அந்த ஆணியிலை கொழுவமாட்டன்” என்று புஸ்பராணி சொன்னாள். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. மருமகள் றஜனியிடம், சாந்தனின் மனைவியிடம், சொன்னாள்.

ரெண்டு பிள்ளைகளோடு எடுக்கிற படத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது.

படம் எடுக்கவேண்டியவன் சாந்தன். கமராவின் தலையில் ஒரு பிளாஷ்; மேடையின் இரண்டு பக்கமும் ஸ்ராண்டில் ஒவ்வொன்று. தலையில் இருப்பது உத்தரவு போட, பக்கத்தில் இருப்பவை வயர் இல்லாமலே அதைக் கேட்டு அதே நொடியில் அடிக்க வேண்டும். சாந்தன் பொத்தானை அமத்தினான். தலையில் இருந்தது அடித்தது. மற்ற இரண்டும் காது கேளாதவை போல நின்றன.

பற்றரி மாற்றினான். திரும்ப அமத்தினான். அதே கதை.

“நேற்று ஸ்ரூடியோவிலை மூண்டும் வடிவா அடிச்சது, றஜனி. இஞ்சை வந்து சதி செய்யுது” என்றான்.

“சுஜானியைக் கேட்டால் என்ன?”

“அவளை என்னெண்டு கேக்கிறது?”

“வாயாலைதான்.”

சாந்தன் ஜன்னல் பக்கம் பார்த்தான். “அண்டைக்கு அப்பா அடிக்கேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இண்டைக்கு லைற் அடிக்கேல்லை எண்டு எந்த முகத்தோடை கேக்கிறது?”

“உங்கடை முகம் ஆருக்கு வேணும்? நான் கேக்கிறன்” என்று றஜனி கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் மண்டபத்தில் நாதஸ்வரம் நின்றது. காரணம் வேறொன்றுமில்லை. காலையிலிருந்தே மண்டபத்து ஸ்பீக்கருக்கும் றஜனியின் கைபேசிக்கும் தொடுப்பு. பாட்டு அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தூரம் போனால் தொடுப்பு விடும், கிட்ட வந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. றஜனி வைத்துக்கொள்ளவில்லை.

சுஜானி முதல் மணியிலேயே எடுத்தாள். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

“சொல்லுங்கோ மச்சாள். அம்மாவுக்கு ஏதும்...?”

“அம்மா நல்லாயிருக்கிறா. உங்கடை அண்ணன்தான் இல்லை. பக்கத்து பிளாஷ் ரெண்டும் அடிக்கேல்லையாம்.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டது. பிறகு சுஜானியின் குரல் வேலைக் குரலாக மாறியது. “தலையிலை கிடக்கிறது அடிக்குதோ?”

“ஓம்.”

“அதின்ரை ஸ்கிரீனிலை மூலையிலை ஒரு அடையாளம் கிடக்கும். மின்னல் மாதிரியோ, அன்ரெனா மாதிரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

றஜனி அழைப்பைத் துண்டித்துவிட்டு மேடைக்கு ஓடினாள். நாதஸ்வரம் பிடித்துக்கொண்டது. பார்த்துவிட்டு மறுபடி அழைக்கப் படிக்கு ஓடினாள். நாதஸ்வரம் நின்றது. பட்டுச்சேலையோடு ஓடுகிற ஓட்டம் அது. விருந்தாளிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

“மின்னல்.”

“உதுதான். அண்ணை எல்லாத்தையும் றீசெற் பண்ணினவரோ?”

றஜனிக்கு அதற்கு ஓடத் தேவையில்லை. “போன கிழமை ஏதோ பொத்தான் இறுகிப்போச்சுதெண்டு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு இருந்தவர்.”

“அப்ப அது வெளிச்சத்தாலை கதைக்கத் துவங்கியிருக்கு. ஒண்டு மின்னும், மற்றது அந்த மின்னலைப் பாத்து அடிக்கும். ஸ்ரூடியோ சின்ன இடம், வெளிச்சம் சுவரிலை பட்டுப் பட்டுப் போய்ச் சேரும். உங்கை பெரிய மண்டபம், ஜன்னலாலை வெயில் வேற. மின்னினது அதுகளுக்குத் தெரியாது. மூண்டையும் றேடியோவுக்கு மாத்தச் சொல்லுங்கோ. மூண்டையும், மச்சாள். ஒண்டை விட்டாலும் சரிவராது. மாத்தினால் ஒவ்வொண்டிலையும் சின்ன லைற் பச்சையாப் பத்தும். சிவப்பாப் பத்தினால் சனல் நம்பர் வேற எண்டு அர்த்தம்.”

றஜனி போய்ச் சொன்னாள். சாந்தன் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாத விசயமில்லை. ஆனால் அமைப்பு வேலை எல்லாம் தங்கச்சி பார்ப்பாள், படம் எடுப்பது இவன் என்று ஐந்து வருடம் ஓடியதில் கை மறந்துவிட்டது. மூன்றையும் மாற்றினான். இடப்பக்கத்தில் பச்சை. வலப்பக்கத்தில் சிவப்பு. சனலைப் பார்த்தான், அது வேறொன்றில் நின்றது. அதையும் திருத்தினான். பச்சை.

பொத்தானை அமத்தினான். மூன்றும் ஒன்றாய் அடித்தன. மண்டபத்தில் இரண்டு பேர் கையும் தட்டினார்கள்.

ஆனால் படத்தைப் பார்த்தால் மேடையில் இருந்த புஸ்பராணிக்கும் மாஸ்ரருக்கும் முகத்தில் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. றஜனி அந்தப் படத்தைத் தன் கைபேசியால் ஒரு படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்பினாள். பிறகு படிக்குப் போய், “இப்ப அடிக்குது, ஆனா எல்லாரும் வெள்ளையா விழுகினம்” என்று சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து டெனிஸ்டன் படியேறி வந்தான்.

டெனிஸ்டனுக்கு கூசேன்வில்லில் வீடு, றுவாசி விமான நிலையத்தில் வேலை. சந்துருவையும் சுஜானியையும் அந்த விமான நிலையத்தில் முதலில் கண்டவனும் அவன்தான், கண்டதைத் தகப்பனிடம் சொன்னவனும் அவன்தான்.

“ஆரோடை கதைக்கிறீர்?” என்றான்.

“கேக்காரனோடை.”

“கேக் வெட்டித் திண்டு முடிஞ்சுது.”

“அதுதான், தட்டைத் திருப்பிக் குடுக்கவேணுமாம்” என்றாள் றஜனி. கைபேசிக்குள் குனிந்து, “வொய்ஸ் போட்டுவிடுங்கோ” என்று சொல்லி வைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு இது பெரிய காரியம்தான்.

மண்டபத்தை ஆறு மணிக்கு விட வேண்டும். இனித் தாமதிக்க முடியாது என்று குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் அலங்காரக் கதிரைகள். மாஸ்ரர் கழுத்தில் மாலை, புஸ்பராணி கழுத்திலும் மாலை. டெனிஸ்டன் ஜக்கெற்றைக் கழற்றிக் கீழே ஒரு கதிரையில் போட்டுவிட்டுத் தகப்பனின் பக்கத்தில் நின்றான். சாந்தன் கமராவை ஸ்ராண்டில் நிறுத்தி, தானாக அடிக்கிற மாதிரி வைத்துவிட்டு ஓடிவந்து நிற்பதாக ஏற்பாடு. விருந்தாளிகள் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

றஜனியின் கைபேசி அதிர்ந்தது. வொய்ஸ், அதாவது சுஜானியின் குரல் பதிவு, வந்துவிட்டது. அவள் மேடைக்குக் கீழே நின்று, காதோடு வைத்துக்கொண்டு அமத்தினாள்.

நாதஸ்வரம் நின்றது. மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் சுஜானியின் குரல் வந்தது.

“மச்சாள், படத்தைப் பாத்தன். சின்னண்ணைக்குச் சொல்லுங்கோ, மாஸ்ரர் அடிக்கக் கூடாது. மாஸ்ரர் அடிக்கிறபடியாத்தான் முன்னாலை நிக்கிறவை எல்லாம் பேயறைஞ்ச மாதிரி வெளிறிப்போய் நிக்கினம். மாஸ்ரரின்ரை வேலை சிக்னல் குடுக்கிறது மட்டும்தான். அது காணும், மிச்சத்தை மற்றவை பாத்துக்கொள்ளுவினம். முதல்ல மாஸ்ரரின்ரை அடியை நிப்பாட்டுங்கோ. பேந்து...”

றஜனிக்கு அப்போதுதான் உறைத்தது. கைபேசியின் எல்லாப் பொத்தானையும் ஒரேயடியாக அமத்தினாள். குரல் நின்றது.

மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. மூன்று கிழமையாக லாச்சப்பலே பேசிய அடி அது. வெளிப்படையாக யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது அடி வாங்கியவளே ஸ்பீக்கரில் சொல்லிவிட்டாள் என்றுதான் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள்.

பின்வரிசையில் உதயன். மளிகைக் கடைக்காரன், மாஸ்ரரிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். “உதை அப்பவே ஆரும் சொல்லியிருந்தால் எனக்கும் உதவியா இருந்திருக்கும்” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். அந்த அமைதியில் அது மேடை வரை போய்விட்டது. யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

மாஸ்ரர் எழுந்தார். மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். முகம் சிவந்து, காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டது.

“பாத்தியளோ அப்பா” என்றான் டெனிஸ்டன். “சனத்தைக் கூட்டிவைச்சுச் சொல்லுற அளவுக்கு வந்திட்டாள்.”

“இஞ்சருங்கோ, இருங்கோ. இண்டைக்கு மட்டும்” என்று புஸ்பராணி அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு மேடையின் முதல் படியில் கால் வைத்தார். அவர் இறங்கினால் வாசலுக்குத்தான் போவார், வாசலுக்குப் போனால் இன்றைக்குப் படமே இல்லை என்று புஸ்பராணிக்குத் தெரியும். ஆணியில் கலண்டர்தான் சாகும்வரைக்கும்.

சாந்தன் படியின் அடியில் வந்து நின்றான். ஸ்ராண்டிலிருந்து கழற்றிய கமரா கையில். மூன்று கிழமைக்கு முன் திறக்காத வாய் இப்போது திறந்தது. சத்தமாகத்தான் சொன்னான்.

“அப்பா, அவள் உங்களைச் சொல்லேல்லை.”

“அப்ப எந்த மாஸ்ரரைச் சொன்னவள்?”

“இதை.”

கமராவை நீட்டினான். பிளாஷின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் ‘மாஸ்ரர்’ என்றுதான் எழுதியிருந்தது. மாஸ்ரர் கண்ணாடியை மூக்கில் இறக்கி எழுத்து எழுத்தாக வாசித்தார்.

“இதுக்கு ஆர் உந்தப் பேர் வைச்சது?”

“செய்த கம்பனிக்காரன். உத்தரவு போடுறதுக்கு மாஸ்ரர் எண்டு பேர்.”

“உத்தரவைக் கேட்டு அடிக்கிறதுகளுக்கு?”

“முந்தி அடிமை எண்டவங்கள். இப்ப பேரை மாத்திப்போட்டாங்கள்.”

“நல்லது” என்றார் மாஸ்ரர். கோபத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. “நீ சொல்லுறதை நான் என்னெண்டு நம்புறது? செய்து காட்டு.”

கணக்கு வாத்தியார் அல்லவா. விடை மட்டும் போதாது, வழியும் காட்ட வேண்டும்.

சாந்தன் திரைக்குள் போனான். தலையில் இருக்கும் பிளாஷ் தானும் அடிப்பதா, உத்தரவு மட்டும் போடுவதா என்று ஒரு தெரிவு இருந்தது. றீசெற் பண்ணும்போது அது ‘அடி’ என்று திரும்பியிருந்தது. அதை நிறுத்தினான். “அப்பா, அம்மாவுக்குப் பக்கத்திலை போய் ஒருக்கா இருங்கோ” என்றான்.

மாஸ்ரர் போய் இருந்தார். மாலையைப் போடவில்லை. சாந்தன் பொத்தானை அமத்தினான். கமராவின் தலையில் இருந்தது பேசாமல் இருந்தது. இரண்டு பக்கத்து விளக்குகளும் அடித்தன.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். சுண்ணாம்பு இல்லை. புஸ்பராணியின் முகத்தில் அவளுடைய சொந்த நிறம் இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமையும் தெரிந்தது. மாஸ்ரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனைவியை அவர் அவ்வளவு நேரம் பார்த்துப் பல காலம். தன் முகத்தையும் பார்த்தார். கண்ணாடியின் இரண்டு வட்டத்திலும் வெள்ளைப் பொட்டு விழுந்து, கண்ணே தெரியவில்லை.

“இது வடிவில்லை” என்றார்.

“அதுக்கும் ஏதோ சொல்லவந்தவள். றஜனி நிப்பாட்டிப்போட்டா.”

மாஸ்ரர் மருமகளைப் பார்த்தார். “மிச்சத்தைப் போடும், பிள்ளை.”

றஜனி கைபேசியை நீட்டினாள். “ஸ்பீக்கரைக் கழட்டிப்போட்டுத் தாறன், மாமா. நீங்கள் காதிலை வைச்சுக் கேளுங்கோ.”

“வேண்டாம். முதல் பாதியைச் சனம் கேட்டது. மிச்சத்தையும் சனம் கேக்கட்டும்.”

றஜனி அமத்தினாள்.

“...பேந்து, இடப்பக்க லைற்றை இன்னும் உயத்தச் சொல்லுங்கோ. இப்ப அப்பாவின்ரை கண்ணாடியிலை வெள்ளைப் பொட்டு விழுது. அவரைக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லாதையுங்கோ, மச்சாள். கழட்டினால் கண்ணைச் சுருக்குவார். கோவமா நிக்கிற மாதிரி விழும். நாளைக்குப் படத்தைப் பாக்கிறவை, இந்த மனுசன் எப்பவும் கோவமாத்தான் இருந்தவர் எண்டு நினைச்சுப்போடுவினம். அவர் அப்பிடி இல்லை எண்டு எங்களுக்குத்தானே தெரியும். அம்மா மெலிஞ்சிட்டா. சாப்பிடச் சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லவேண்டாம். சரி, வைக்கிறன்.”

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அடித்த கையைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கைக்காரனின் கண்ணாடியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறாள். ‘மாஸ்ரர்’ என்று அவள் சொன்னபோது அவளுக்குத் தகப்பனின் நினைப்பே இருக்கவில்லை. நினைப்பு வந்தபோது ‘அப்பா’ என்றுதான் சொல்லியிருந்தாள். இந்த வித்தியாசம் மாஸ்ரருக்கு விளங்கியது. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றினார். மகள் சொன்னபடியே கண் சுருங்கியது. சால்வை நுனியால் துடைத்தார், கண்ணாடியையும் கண்ணையும்.

உதயன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“சாந்தன், லைற்றை உயத்து” என்றார் மாஸ்ரர்.

சாந்தன் உயர்த்தினான். கமராவைத் திரும்ப ஸ்ராண்டில் பூட்டினான்.

மாஸ்ரர் மாலையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். பிறகு றஜனியின் கையிலிருந்த கைபேசியைக் காட்டி, “இதுக்குள்ளை கதைச்சால் அவளுக்குப் போகுமோ?” என்று கேட்டார்.

“இஞ்சை அமத்திக்கொண்டு கதையுங்கோ, மாமா.”

அவர் வகுப்பறையில் கதைக்கிற குரலில்தான் தொடங்கினார். அந்தக் குரல் பாதி வழியில் உடைந்தது. “சுஜானி, நான் அப்பா. நான் அடிச்சது பிழை. மாஸ்ரர் இனி அடிக்கமாட்டார். அம்மா படத்துக்கு இருக்கிறா. உனக்கு இடம் விட்டு வைக்கிறம். வா.”

கையை எடுத்தார். அது போய்விட்டது. புஸ்பராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாற்பது வருடத்தில் ‘பிழை’ என்ற சொல்லை அவர் மற்றவர்களின் கணக்குக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

கார்ஜிலிருந்து ஆர்ஈஆர் ரயில் பிடித்தால் கார் து நோர். அங்கிருந்து லாச்சப்பலுக்கு நடை தூரம்தான். ஆறு மணிக்கு முன் வரலாம். புஸ்பராணி கதிரையை விட்டு எழுந்து நின்றாள். தன் இடப்பக்கத்தில் ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றாள். வராத பிள்ளைக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிற தாய்க்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. றஜனி மாமனாரைப் பார்த்தாள். “ஸ்பீக்கரைக் கழட்டட்டோ?”

“இருக்கட்டும்.”

சுஜானியின் குரல் மண்டபத்தில் வந்தது. அழுதிருந்த குரல். இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

“அப்பா, வாறன். வெளிக்கிட்டு நிக்கிறன். சந்துருவும் இஞ்சைதான் நிக்கிறார். என்னைத் தனிய அனுப்பமாட்டாராம், தானும் வந்து உங்களிட்டை முகம் காட்டவேணுமாம். நீங்கள் எத்தனை பேருக்கு இடம் விட்டிருக்கிறியள்?”

நாதஸ்வரம் தானாகத் தொடங்கியது. றஜனி அதை நிறுத்தினாள்.

டெனிஸ்டன் தகப்பனின் காதருகே குனிந்தான். மெதுவாகச் சொல்ல நினைத்திருப்பான். கோபம் மெதுவாகப் பேச விடவில்லை. “ஒராள் எண்டு சொல்லுங்கோ, அப்பா. உவன் இந்த மேடையிலை ஏறினால் நான் இந்தப் படத்திலை இல்லை.”

மாஸ்ரர் மூத்த மகனைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மூன்று பிள்ளைகள் என்று புஸ்பராணி கேட்டது இவ்வளவு சுலபமான கணக்கு. எப்படிக் கூட்டினாலும் ஒன்று குறைகிறதே!

யாரும் எதிர்பாராததைச் செய்தவள் புஸ்பராணி. அவள் டெனிஸ்டனைப் பார்க்கவில்லை, மனுசனிடமும் கேட்கவில்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விட்டிருந்த இடம் இன்னும் அகலும்படி ஓரடி தள்ளி நின்றாள். இப்போது அங்கே இரண்டு பேர் நிற்கலாம்.

மாஸ்ரர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கமராவுக்குப் பின்னால் நின்ற மகனைக் கேட்டார்.

“சாந்தன், எல்லாரும் அதுக்குள்ளை அடங்குவமோ?”

சாந்தன் குனிந்து பார்த்தான். “அடங்காது, அப்பா. நான் இன்னும் பின்னாலை போகவேணும்.”

“அப்ப போ” என்றார் மாஸ்ரர்.

சாந்தன் கமராவை ஸ்ராண்டோடு தூக்கிக்கொண்டு பின்னால் போனான். டெனிஸ்டன் மேடையை விட்டு இறங்கி, கதிரையில் கிடந்த தன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.